நம்புராணியின் மாதிரிகள்

முதல் டப்பாவில் எச்சில்தான் இருந்தது.
"அடியிலேருந்து இழுத்து இருமணும்க்கா" என்றேன்.
தீவுப் பாறையடியில் மூச்சடக்கிப்
பாசி பிய்த்தவள்
ஓர் இருமலுக்குக் காற்றில்லாமல்
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் விடியலில் இன்னொரு டப்பா.
தீயில் காட்டிச் சிவப்பேற்றி
அமிலத்தில் கழுவி நீலம் ஊற்றி
கண்ணாடிச் சில்லை லென்சுக்கடியில் நகர்த்தினேன்.
வட்டம் வட்டமாக நூறு.
சிவப்புக் குச்சி ஒன்றுகூட இல்லை.
நீலம்.
ஜன்னலுக்கு வெளியே
பாம்பன் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கிடப்பதுபோல
ஒன்றும் சொல்லாத நீலம்.

நெகட்டிவ் என்று எழுதினேன்.
பதினோரு வருஷமாக எழுதுகிற சொல்.
வாங்கிப் போகிறவர்களில் சிலர்
கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

படத்தில் நெஞ்சு சுத்தம்.
முன்கையில் போட்ட ஊசி மூன்றாம் நாளும் தடிக்கவில்லை.
சிபிநாட் ராமநாதபுரம் போய்த் திரும்பியது: இல்லை.
சிடி ஃபோர் மட்டும் முப்பத்தொன்று.

டாக்டர் ஆசியா மர்யம் அந்த எண்ணை நகத்தால் கீறினார்.
"தோல் தடிக்கணும்னா
எதிர்த்து நிக்க உள்ளே ஆள் வேணும்.
நுரையீரல்ல குழி விழுறதே சண்டை நடந்த இடத்துலதான்.
இங்கே சண்டையே இல்லை.
ஈரல்லயோ எலும்புக்குள்ளயோ
பாய் விரிச்சுப் படுத்திருப்பான்."
கொஞ்சம் பொறுத்து, "படுத்திருக்கலாம்" என்று திருத்திக்கொண்டார்.

வளர்த்துப் பார்க்கலாம். ஆறு வாரம்.
என் மேசையில் அகர் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன.
யாரோ ஒருவர் புண்ணின் கிருமி
ஒரே ராத்திரியில் அதில் பொட்டுப் பொட்டாய்ப் பூக்கும்.
அகர் என்பது மரிக்கொழுந்துப் பாசியின் கஞ்சி.
விரல் நுனியில் துணி சுற்றி
காலில் தகரத்தட்டு கட்டி
இவள் பிய்த்து வந்து எடைக்குப் போட்டது
எந்த ஆலையில் வெந்து
எந்தப் பெட்டியில் என்னிடம் திரும்பியதோ.
இவளுடைய கிருமி மட்டும்
எதில் போட்டாலும் அவசரப்படாது.
ஆறு வாரம் இவளிடம் இல்லை.

அப்போதுதான் கூட வந்தவள் வாயைத் திறந்தாள்.
பூமாரி. ஒரே வள்ளத்தில் போகிறவள்.
"போர்வையத் தெனம் பிழிஞ்சு காயப்போடுறேன் மேடம்.
கடலுக்குப் போகாமயே நனையிறா.
பாவாடை நாடா இப்ப ரெண்டு சுத்து வருது."
அதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.
டாக்டர் மூடிய பேனாவைத் திறந்தார்.

புதிதாய் வந்த பெட்டியில் பட்டைகள் இருந்தன.
சிறுநீர் போதும், இருமத் தெரிய வேண்டாம்.
கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரிதான்.
துளி விட்டு இருபத்தைந்து நிமிடம்.
முதல் கோடு வந்தது.
அது பட்டை வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்.
இரண்டாவதை
ஜன்னலுக்கு எடுத்துப் போனேன்.
விளக்கை அணைத்தேன், போட்டேன்.
அளவட்டையை ஒட்டி வைத்தேன்.
நீர் வற்றின பிறகு
அலை எதுவரை வந்ததென்று மணலில் ஒரு வரி இருக்குமே
அவ்வளவுதான் இருந்தது.
இருந்தது.

இந்தக் கரையில் நம்பு என்பது அம்மன் பேர்.
நம்புராஜன், நம்புச்செல்வம் என்று
எத்தனை பேரை வாசலில் நின்று கூப்பிட்டிருப்பேன்,
ஒருநாளும் அதைக் கட்டளையாகக் கேட்டதில்லை.
பாசிட்டிவ் என்று எழுதினேன்.
சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்,
வெட்கமில்லாமல்.

மாத்திரை அன்றே ஆரம்பம்.
"பௌர்ணமிக்கு எந்திரிச்சிருவேனா?" என்றாள்.
தண்ணீர் அந்த ஆறு நாள்தான் வாகாக இருக்கும்.
பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது.
பூமாரி என் முகத்தைப் பார்த்தாள்,
நான் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

அவர்கள் போன பிறகு
பட்டையில் கோடு காய்ந்துகொண்டிருந்தது.
நேரம் கடந்து அதைப் படிக்கக் கூடாதென்று
பெட்டியில் போட்டிருக்கிறது.
சாயங்காலம்வரை
திரும்பத் திரும்பப் பார்த்தேன்.