ஏழாவது கட்டம்

சுற்றறிக்கை வந்தது.
முகாமில் உள்ள ஒவ்வொருவரும்
ஒரு பொழுதுபோக்கைப் பதிவு செய்ய வேண்டுமாம்,
செப்டம்பர் முப்பதுக்குள்.
படிவத்தில் ஏழாவது கட்டம்.
இரண்டு விரல் அகலம்.

வேலிக்கு வெளியே உடைமரம்.
அதைத் தாண்டினால் காற்றாலை.
அதைத் தாண்டினாலும் காற்றாலை.
அப்புறம் தேரி,
நேற்றுப் பார்த்த இடத்தில்
இன்று இருக்கச் சம்மதிக்காத சிவப்பு.

தல்பீர் பட்டம் விட்டான்.
ஆடிக் காற்று. நூல் மட்டும் மிச்சம்.
இபோம்சா கால்பந்து வாங்கி வந்தான்.
முதல் உதையில் அது முள்ளுக்குள் போய்
பெருமூச்சு விட்டது.
லிஜோ நாங்குநேரியில் தூண்டில் வாங்கி,
குளம் எங்கே என்று
ஆடு பத்திக்கொண்டு போனவரிடம் கேட்டான்.
நடையை நிறுத்தாமல் அவர் சொன்னார்:
"நீங்க நிக்கதே குளத்துக்குள்ளதான்."

நான் சைக்கிள் எடுத்தேன்.
எதிர்க்காற்றில் மிதித்து மிதித்து
ஒரே பனைமரத்தை
அரை மணி நேரம் கடந்துகொண்டிருந்தேன்.

வேலையைப் பற்றிச் சொல்லக் கூடாது.
இவ்வளவு சொல்லலாம்:
இரவில் ஒரு விசையை அழுத்துவேன்.
கம்பங்கள் அதை வாங்கிக்கொண்டு போய்
கடலுக்கு அடியில் இருக்கும்
யாருக்கோ கொடுக்கும்.
அவர்கள் கேட்பார்கள்.
பதில் பேசுவது அவர்கள் வேலையில் இல்லை.
மூன்று வருடத்தில்
ஒரு 'ம்' கூட வந்ததில்லை.

டியூப் வெடித்தது திசையன்விளைச் சாலையில்.
ஜெபக்கனி சைக்கிள் ஒர்க்ஸ்.
முதலாளி எங்கே என்று கேட்டேன்.
டியூபைத் தண்ணீருக்குள் முக்கி
குமிழி தேடிக்கொண்டிருந்தவள்
தலை நிமிராமல்,
"முங்கிக் கெடக்கா, பாத்தா தெரியலியா?
கேம்ப்பு ஆளுதான? பொழுது போகலியாக்கும்?
இங்க போகாத பொழுதுன்னு ஒண்ணு கெடந்தா
காட்டுங்க, நானும் பாக்கணும்."

கடைக்குப் பின்னால்
பழைய டயர்களை அடுக்கி அதன்மேல்
ஒரு கேரம் பலகை.

நான் வியாசர்பாடிக்காரன்.
எங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால்
முதலில் சுண்டுகிற விரலைத்தான் பார்ப்பார்கள்.
இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

இருபத்தைந்துக்கு நாலு.
"ரெட்ட நீங்களே எடுத்துக்கிடுங்க சார்,
ஃபாலோ விழாது" என்றாள்.
எடுத்தேன். விழவில்லை.
காற்று ஷட்டருக்கு அடியில் விரலை நுழைத்து
தேரியைப் பலகைமேல் தூவிக்கொண்டே இருந்தது.
போரிக் மாவு ரோஸ் நிறமானது.
ஸ்ட்ரைக்கர் நறநறவென்றது.
கிரீஸ் கையால் துண்டை எடுத்து
ஒரே வீச்சில் துடைப்பாள்.
நான் துடைத்தால்
"அந்த மூலைய யாரு பாப்பா?"

அடுத்த ஞாயிறு தல்பீர் வந்து தோற்றான்.
பிறகு இபோம்சா. பிறகு லிஜோ,
தூண்டிலையும் கொண்டுவந்து மூலையில் சாத்திவிட்டு.
மூன்று பேரும் மூன்று பாஷையில்
பல்லுக்குள் திட்டினார்கள்.
ஆவணி முடிவதற்குள்
மூன்றிலும் அவள் திருப்பித் திட்டினாள்,
உச்சரிப்பு சுத்தமாக.

எனக்குப் பிடித்தது அந்தப் பலகையின் ஓரங்கள்.
எவ்வளவு மோசமாக அடித்தாலும்
ஏதோ ஒன்று திரும்பி வருகிறது.

செப்டம்பர் முப்பது.
தல்பீர் 'உடற்பயிற்சி' என்று எழுதினான். பொய்.
லிஜோ 'மீன்பிடித்தல்' என்றே எழுதினான்,
தூண்டிலின் விலை அப்படி.
இபோம்சா கட்டத்துக்குள் ஒரு வட்டம் வரைந்தான்,
பந்தோ காயோ தெரியவில்லை.
நான் 'தோற்பது' என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது.
ஓரத்தில் சிவப்பு மை:
தெளிவாக எழுதவும்.

எழுதினேன்.
தோற்பது. ஞாயிறுதோறும் மூன்றரை மணிக்கு,
திசையன்விளைச் சாலை, பஞ்சர் கடைக்குப் பின்புறம்.
வருகிறவர்கள்
துடைக்கத் துண்டு கொண்டுவரவும்.