பயணக் காரணம்

கம்பம்மெட்டில் எனக்கு
ஒரு தகரக் கொட்டகை, ஒரு கணினி,
மாதம் பதினாலாயிரம்,
மார்ச் வரை ஒப்பந்தம்.
ஆடி மாதத்தில் திரையைவிட மேகம் பக்கத்தில் இருக்கும்.

முதலில் நாலே கேள்விதான்.
பெயர், ஊர், வண்டி எண், உடல்சூடு.
காய்ச்சலுக்காக வைத்தார்கள்.
நியாயம்தான் என்றேன் நானும்.
காய்ச்சல் மலையிறங்கிப் போனது,
படிவம் இறங்கவில்லை.
அப்புறம் பன்றிகளுக்கு ஏதோ நோய்,
அப்புறம் தேர்தல்,
அப்புறம் களவுபோன ஏலக்காய் மூட்டை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் முளைத்தது.
ஒன்றுகூட உதிரவில்லை.
இப்போது முப்பத்தொன்று.
கேமரா பச்சை காட்டும்வரை
கண் இமைக்கவும் கூடாது.

விடியலில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வரும்.
ஒன்றில் பதினெட்டுப் பேர்.
கேட்பதற்கு முன்பே பெண்கள் முகத்தைத் தூக்கிவிடுவார்கள்,
ஊசிக்குக் கை நீட்டிப் பழகிய பிள்ளைகள்போல.
அது என்னை உறுத்தியது என்று எழுத வந்தேன்.
பொய். உறுத்தவில்லை.
வரிசை சீக்கிரம் நகர்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அவள் வந்தது ஒரு செவ்வாய்,
பதினொரு மணி பஸ்ஸில்.
சவரியம்மாள், இராயப்பன்பட்டி, நாற்பத்தேழு.
திராட்சைக் கொட்டகையில் பெட்டி அடுக்குகிறாள்.
இருபத்தாறாவது கட்டம்: பயணக் காரணம்.
"சும்மா" என்றாள்.

வேலையா?
இன்னிக்கு லீவு.
கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோர்ட்டு?
அங்க யாரையும் தெரியாது.
கோயில், சர்ச்?
"சாமி எங்க ஊர்லயே இருக்காரு தம்பி.
அந்தப் பக்கம் போயி ஒரு டீ குடிப்பேன்.
மேகத்துக்குள்ள கொஞ்ச தூரம் நடப்பேன்.
சும்மா."

பட்டியலில் சும்மா இல்லை.
'மற்றவை'யைத் தொட்டால் ஆதாரம் கேட்கும்.
சும்மாவுக்கு எந்தத் தாசில்தார் கையெழுத்துப் போடுவார்?
"வேலைன்னு போட்டுக்கறேன்க்கா."
"போடாத. நான் வேலைக்குப் போகல."
பின்னால் லாரி ஹாரன்.
கண்டக்டர் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.
அவள் குரலை உயர்த்தவில்லை.
சில்லறை பாக்கிக்கு நிற்பதுபோல
நின்றாள்.

'குறிப்பு' என்று ஒரு காலியிடம் உண்டு.
அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை.
சும்மா என்று தட்டினேன்.
திரை கொஞ்சம் யோசித்தது.
பச்சை.

கோட்டுக்கு அப்பால் சிபிச்சன்
அவர்கள் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்.
அதே கட்டம், வேறு எழுத்து.
அவரிடமும் அதையே சொல்லியிருப்பாள்.
என்னைப் பார்த்துக் கையை விரித்துக் கத்தினார்:
"வெறுதே!"
சிரித்தோம்,
இரண்டு அரசாங்கத்துச் சம்பளத்தில்.

மூன்று வாரத்தில் எனக்கு ஒரு மெமோ.
அதன்பின் படிவத்துக்குப் புதுப் பதிப்பு.
பட்டியலின் அடியில் அது வந்துவிட்டிருந்தது:
சும்மா.
தொட்டால் இன்னும் ஆறு கட்டம் திறக்கும்.
இதற்கு முன் எத்தனை முறை சும்மா?
யாருடன் சும்மா?
சும்மா என்பது யார் சொல்லி?

அடுத்த செவ்வாய் அவளிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.
"அப்ப இது சும்மா இல்லையே" என்றாள்.

பஸ் போய்விட்டது.
அவள் போகவில்லை.
கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து
தூக்குவாளியைத் திறந்தாள்.
எலுமிச்சம் சோறு. மணம் கொட்டகைவரை வந்தது.
நாற்பது நிமிடம். ஐம்பது.
கேமரா தானாகவே அவள் பக்கம் கழுத்தைத் திருப்பியது.
திரையில் சிவப்பு:
ஒரு நபர், நீண்ட நேரம், அசைவில்லை.
காரணம் பதிவு செய்க.

இரண்டு கைகளையும் எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.

அது மறுபடியும் கேட்டது.