ஊமைக் கட்டை

ஆர்கனுக்குப் பின்னால் ஒரு மரக்கதவு.
அதற்குள் மோட்டார், துருத்தி, எலிப் புழுக்கை, நான்.
வேப்பேரியில் மூன்றாம் மணி அடித்ததும்
சுவிட்சைத் தட்டுவேன்.
துருத்தி உப்ப, எண்ணிப் பன்னிரண்டு நொடி.
அதற்குள் கெசியா டீச்சர்
செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளுவார்,
விரல்நுனிச் சாக்பீஸைத் தலைப்பில் துடைப்பார்.
ஞாயிற்றுக்கிழமை ஏது சாக்பீஸ் என்று கேட்காதீர்கள்.
அவருக்கு வகுப்பு இல்லாத நாள் கிடையாது.

கணக்கு டீச்சர்.
பிரசங்கம் இருபது நிமிடம் தாண்டினால்
பச்சைத் திரைக்குப் பின்னே
பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள் வெளியே வரும்.
ஐயர் "ஆகவே பிரியமானவர்களே" என்றால்
இன்னும் நான்கு தாள் திருத்தலாம்.
"கடைசியாக" என்றால் ஆறு.
சின்னக் கண்ணாடியில் ஐயரின் கை உயர்வது தெரிந்ததும்
சிவப்புப் பேனாவை மூடுவார்.
ஒரு தடவைகூட ஆமென் பிந்தியதில்லை.

பாடகர் குழுவின் ஆண்களை அதட்டுவார்:
"டெனர், இது பல்லவன் பஸ் இல்ல,
ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே இறங்காதீங்க."

ஒரு கல்யாணத்தில் பெண் வர ஐம்பது நிமிடம் தாமதம்.
தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்த பின்
டீச்சர் வாசித்தது என்ன என்று
மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை விசாரிக்கிறார்கள்.
எனக்குத் தெரியும்:
பதிமூன்றாம் வாய்ப்பாடு,
எண்ணுக்கு ஒரு சுரமாக.

மேல் வரிசையில் ஒரு கட்டை பேசாது.
ஏதோ ஒரு ஐப்பசி மழையில் உள்ளே தோல் கிழிந்தது.
கமிட்டி ஒவ்வொரு வருஷமும் பேசியது,
ஒவ்வொரு வருஷமும் சுற்றுச்சுவர் முந்திக்கொண்டது.
பதினொரு வருஷம்.
அந்த இடம் வரும்போதெல்லாம் ஆர்கன் வாயடைக்கும்;
சபையார் அந்த ஒரு சுரத்தை மட்டும்
கொஞ்சம் உரக்கப் பாடப் பழகினார்கள்.
யாரும் சொல்லித் தரவில்லை.
பலகை பெயர்ந்த பாலத்தில் நடப்பவர்கள்
தானாகவே காலை எட்டி வைப்பதுபோல்.

மாதம் நானூறு ரூபாய் கோயில் கொடுத்தது.
வவுச்சரில் கையெழுத்துப் போட்டு
"ஊமைக் கட்டைக்குச் சேர்த்து வைக்கிறேன்" என்பார்.
சேர்கிறது என்றே நம்பினோம்.

லெந்து காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை
கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோனோம்.
வியாழன் அன்று பெஞ்சுப் பலகையைத் தூக்கினால்
பழுப்புக் கவர். மேலே அவர் எழுத்து: ஊமைக் கட்டை.
உள்ளே ஒரு பைசா இல்லை.
ரசீதுகள்.
தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல் டெபாசிட்,
பாலிடெக்னிக் விண்ணப்பம்,
யாருக்கோ ஒரு மூக்குக் கண்ணாடி.
பொருளாளர் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார்.
நூற்று முப்பத்திரண்டு மாதம்.
கணக்கு நாற்பது ரூபாய் உதைத்தது.
அதற்கும் துண்டுச்சீட்டு இருந்தது:
எலிப்பொறி.

ஏழாவது ரசீதில் என் மகள் பெயர்.
"ஸ்கூல்லயே தள்ளுபடி பண்ணிட்டாங்கப்பா" என்று
அன்று அவள் வந்து சொன்னாள்.
நானும் நன்றியாக
ஒரு சீப்பு ரஸ்தாளி கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஸ்டாஃப் ரூமில் கெசியா டீச்சரும் ஒன்று எடுத்துத் தின்றார்.
நல்லாப் பழுத்திருக்கு என்றார்.

கவரை யார் வைத்துக்கொள்வது என்பது
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

நேற்று கோயிலைப் பூட்டுமுன்
பெஞ்சில் உட்கார்ந்தேன், முதல் தடவையாக முன்பக்கம்.
அந்தக் கட்டை எது என்று எனக்குத் தெரியாது.
இடமிருந்து ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தேன்.
மோட்டார் போட்டிருக்கவில்லை.
எல்லாமே ஊமை.
எழுந்து பின்னால் போய் சுவிட்சைத் தட்டிவிட்டு
ஒன்று, இரண்டு என்று
பன்னிரண்டு வரைக்கும்
அவர் வேகத்தில் எண்ணினேன்.