இருபது சென்

கிளினிக்கில் மிஸ்ஸி நோராய்னி
கண்ணை மூடச் சொல்லி
தூண்டில் நரம்பு மாதிரி ஓர் இழையால்
உள்ளங்காலைத் தொட்டார்.
நரம்பைச் சோதிக்க ஒரு நரம்பு.
படும்போதெல்லாம் ஆமாம் சொல்லவேண்டும்.
பத்து இடம்.
மூன்று முறை சொன்னேன்.
அதில் ஒன்று பொய்.

இனிப்பு நீர் வந்து பதினாறு வருஷம்.
தேத்தண்ணியில் சீனியை விட்டேன்.
நாசி கண்டாரை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமைகள் அதிகமாகிவிட்டன.

இப்போது ராத்திரியானால்
தரையில் கண்ணாடியை வைத்து
அதன்மேல் காலைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
தெய்வானை டார்ச் அடித்து விரலிடுக்கைப் பார்ப்பாள்,
ஜெலுத்தோங் மார்க்கெட்டில்
மீன் செவுளைப் பார்க்கும் அதே கண்டிப்போடு.

நேற்று பள்ளி வாசலில் வெக்கை.
சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தேன்.
மாட்டும் முன் உதறிப் பார்க்கணும், மிஸ்ஸி சொன்னதுதான்.
மணி அடித்துவிட்டது.

வீட்டு வாசலில் இறங்கமாட்டேன் என்று
ஹேமஷாலினி அழுதாள்.
"அங்கிள், என் இருபது சென் விழுந்திருச்சு."
சீட்டுக்கு அடியில் இருவரும் தேடினோம்.
பென்சில் துண்டு கிடைத்தது, பிஸ்கட் தூள் கிடைத்தது.
என் காசை நீட்டினேன், வாங்கவில்லை.
அவளுக்கு அந்தக் காசுதான் வேணும்.

ராத்திரி கண்ணாடியில்
பெருவிரலுக்குக் கீழே வட்டமாய் ஒரு பள்ளம்.
பள்ளத்துக்குள் ஒரு செம்பருத்தி,
இதழ் இதழாய், சிவந்து.
சப்பாத்தைக் கவிழ்த்தேன். ணங்.

அதை மிதித்துக்கொண்டுதான்
பதினோரு பிள்ளைகளை வீட்டில் விட்டிருக்கிறேன்.
ஆறு சிக்னல்.
குளுகோர் பக்கம் குறுக்கே வந்த மோட்டார்.
பிரேக்கை அழுத்தினேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?
வேன் நின்றது. அதனால் தெரியும்.

காலுக்கு அடியில் நாணயம் இருந்தது.
காலிடம் இல்லை.
என்னிடம்?

இரண்டு மணிக்கு அதே கால் எரிகிறது.
போர்வையின் ஓரம் பட்டால் போதும்,
கொதிக்கிற தார்.
துணி காயப்போடும் கம்பியைக் கட்டில் கடைசியில் நிறுத்தி
போர்வையை அதன்மேல் தூக்கிப் போட்டிருக்கிறாள் தெய்வானை.
கூடாரத்துக்குள் இரண்டு பாதங்கள்,
யாரோ வந்து தங்கியிருப்பவர்கள் போல.
சில்லறை தெரியாதவர்களுக்கு
பருத்தித் துணி எப்படித் தெரிகிறது?

காலையில் காசை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
வேனை மச்சான் பிரதாபன் ஓட்டினான்.
பக்கத்து சீட்டில் நான்,
ஒவ்வொரு சிக்னலிலும்
வெறும் தரையை அழுத்திக்கொண்டு.

காசை வாங்கியதும் மோந்து பார்த்தாள்.
"எங்க இருந்துச்சு?"
"என் சப்பாத்துல."
"வலிக்கலையா அங்கிள்?"

கண்ணை மூடாமல் சொன்னேன்,
இல்லை.