நல்லெண்ணெய் மில், இலக்கம் 47

மூன்றாம் வளைவில் என்ன நடந்ததென்று
எல்லோருக்கும் தெரியும்: பிரேக் பிழைத்தது.
அறிக்கையிலும் அப்படித்தான்.
நான் அவருடைய ரயர்க் கணக்கு எழுதினவள்,
கட்டின பெண்சாதி.
எனக்கு வேறு சொன்னார்.

அதைப் பிறகு சொல்கிறேன்.

பதினேழு வயதில் ஸ்டியரிங் பிடித்தவர்.
மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின்.
பெற்றோல் அப்போது நகைக்கடைச் சாமான்;
சேலைன் குழாயால் காபரேற்றருக்கு இரண்டு சொட்டு,
இருமும், உதறும், பிறகு
கோண்டாவிலில் இருந்து பெரியாஸ்பத்திரி வரை
பின் சீற்றில் யாரோ ஒருத்தியின் பிரசவ வலி.
வெளிச்சம் போடக் கூடாது. மேலே ஹெலி.
எந்தக் குழி எங்கே என்று
இடுப்பால் படித்த பாதை.
ஒரு பிள்ளை காருக்குள்ளேயே பிறந்தது.
அதற்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது,
விடியச் சீற்றைக் கழுவினது மட்டும் ஞாபகமாம்.

பாதை திறந்த பிறகு வான்.
இரவு எட்டுக்கு வெளிக்கிட்டால் விடிய வெள்ளவத்தை.
முறிகண்டியில் தேங்காய் உடைக்க நின்ற ஐந்து நிமிடத்தை
வவுனியாவுக்கு முன்னமே திருப்பி எடுத்துவிடுவார்.
பயணிகள் திட்டுவார்கள்.
அடுத்த கிழமையும் அவரிடமே சீற் சொல்லி வைப்பார்கள்.

முப்பத்தைந்தில், முன்தலை வெளித்த பிறகு,
றேஸ்.
சிரித்தேன். பிறகு சங்கிலியைக் கழற்றினேன்,
தாலி இல்லை, மற்றது.
பழைய லேசர் கார், பின் சீற் பிடுங்கி,
உள்ளே சுன்னாகத்து வெல்டர் பூலோகம் ஒட்டின இரும்புக் கூடு.
கொழும்புக் கொம்பனிகள்
எங்கள் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை.
இணுவில் மில் முதலாளி குமாரகுலசிங்கம்
கொப்பித் தாளில் ஒப்பந்தம் எழுதினார்:
வென்றால் காசு,
வெல்லாவிட்டால் மாதம் ஒரு போத்தல் எண்ணெய்.
கதவு முழுக்க ஓர் எள்ளுச் செடி கீறி
கீழே நாற்பத்தேழு.

பத்து மணித்தியாலம் லொறியில் காரைக் கட்டித் தெற்கே போய்ப்
பதினைந்து நிமிட ஓட்டம்.
அறிவிப்பாளருக்கு வாகீசநாதன் என்று வாயில் வராது.
“யாப்பனே தலதெல்!” என்றார்,
யாழ்ப்பாணத்து நல்லெண்ணெய்.
சனம் அதைப் பிடித்துக்கொண்டது.
முதல் வருடம் அது பகிடி.
மூன்றாம் வருடம் மழை.
ஒவ்வொருத்தராக வழுக்கிப் புல்லுக்குள் இறங்க
இவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரிப் போய்
இரண்டாவதாக வந்தார்.
அதே சொல்லைச் சனம் எழும்பி நின்று கத்தியது.
வேலிக் கம்பியைப் பிடித்திருந்த என் கை
வீடு வரும்வரை துரு மணத்தது.

ஆறு வருடம். இருபத்திரண்டு ஓட்டம்.
ரயர் எழுபத்தொன்று, அதில் கடன் ஒன்பது.
இரண்டாமிடம் மூன்று தரம்.
முதலிடம் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில்
மகளின் பால்மாக் கணக்கை எழுதினேன்,
தாள் வீணாகப் போகக் கூடாது.

மூன்றாம் வளைவு.
முன்னால் போன காரின் சைலன்சர் வெடித்தது.
ஒரே ஒரு சத்தம்.
காய்ந்த சத்தம்.
நூற்றிமுப்பதில் போன மனிசன்
ஸ்டியரிங்குக்குக் கீழே
குனிந்துவிட்டார்.

“குனிஞ்சிட்டனடி” என்றார்,
இடுப்பில் மூன்று ஆணியோடு,
களவு பிடிபட்ட பெடியன் மாதிரி.
பிரேக் என்று சொல்லுவம், என்றேன்.
பிரேக்குக்கு வாயில்லை.

எஞ்சினை உரும்பிராய் வெங்காயத் தோட்டக்காரர் வாங்கிக்
கிணற்றடியில் பூட்டினார்.
இவர் பின்னேரங்களில் சைக்கிளில் போகிறார்.
தண்ணீரைப் பார்ப்பதில்லை.
காது கொடுத்துக் கேட்டு,
சின்னத் திருகாணி ஒன்றை அரைச்சுற்றுத் திருப்பி,
திரும்பவும் கேட்பார்.
நேற்று அது வெடித்ததாம்.
குனிந்தீர்களா என்று நான் கேட்கவில்லை.
சாரத்தில் முழங்காலடியில் செம்மண்.
தோய்க்கப் போட்டேன்.

இந்த மாதப் போத்தலும் வந்துவிட்டது.
ஒப்பந்தத்தில் முடிவுத் திகதி போட
நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை.