லோடு இறக்காத படிவம்

முதுநகர் துறைமுகத்தில்
ஐஸ் பாக்டரிக் கணக்கறை என்பது
அமோனியா வாடைக்குள் ஒரு மேசை,
உப்புக்காற்று எழுத்தைத் தின்ற கீபோர்டு,
பாலிதீன் போர்த்திய கம்ப்யூட்டர்.
"கட்டம் கட்டமாத் தேடிக் கண்ணு போவுது,
ஒரு சன்னல் மாதிரி செஞ்சு குடேன்" என்றார்
ஹபீபுல்லா மரைக்காயர்.

செய்தேன்.
எக்செல் தாளின்மேல் மிதக்கும்
சாம்பல் நிறச் சன்னல்.
பேருக்கு, தொட்டால் கீழே சரியும் ஒரு பட்டியல்.
எத்தனை பார் என்பதற்கு ஒரு வெள்ளைப் பெட்டி.
மேலே ஒரு வட்டம் கடன்,
கீழே ஒரு வட்டம் ரொக்கம்;
ஒன்றில் புள்ளி விழுந்தால்
மற்றதில் அணைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தேன்.
பொத்தான் மட்டும்
பிறந்த பெயரோடே நின்றுவிட்டது:
கமாண்ட்பட்டன் ஒன்று.
டேப் விசை பேரிலிருந்து நேரே
ரத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது,
அதை வழிக்குக் கொண்டுவர
ஒரு ராத்திரி போயிற்று.
பதில் சொல்லும்வரை
பின்னால் எதையும் தொட விடாது இந்தச் சன்னல்,
வாசலை மறித்துக்கொண்டு நிற்கும்.
அந்தப் பிடிவாதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

விடிகாலை நாலு மணிக்கு
அக்கரைகோரி தேசிங்கு. நாற்பது பார். எப்போதும் கடன்.
அவன் வண்டி திரும்புவதற்குள்
சோனாங்குப்பம் பூமயில். மூன்று பார்.
எப்போதும் ரொக்கம்,
முந்தானை முடிச்சிலிருந்து ஈரமான நோட்டுகள்.

பதினோராம் நாள்
பேரேடு சொன்னது:
பூமயில், பாக்கி
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

"நானா?"
அன்னக்கூடையை இறக்கி வைத்தாள்.
"எங்க ஊட்டுக்காரு செத்தன்னிக்குக்கூட
நான் கடனுக்கு ஐஸ் வாங்கல."
வரிசை முழுக்க என்னைப் பார்த்தது.
கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று
யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.
அவளுக்காகவா எனக்காகவா,
தெரியவில்லை.

அன்று மத்தியானம் கோடிங்கைத் திறந்தேன்.
என் கைப்பட எழுதிய ஒற்றை வரி:
வேலை முடிந்ததும் படிவத்தை
மறை.
இறக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.
மறைத்த படிவம் எங்கேயும் போவதில்லை;
இருட்டில் உட்கார்ந்து
கடைசியாய்க் கேட்டதையே பிடித்துக்கொண்டிருக்கும்.
தேசிங்கின் புள்ளி
தினமும் அவள் பேருக்குமேல் எழுந்து வந்தது.
பேரை மாற்றினேன், எண்ணை மாற்றினேன்,
புள்ளியைப் பார்க்கவில்லை.
நானே வரைந்த வட்டம், அதனால்.

வாசலில் லோடுமேன்கள்
ஐஸ் பாரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
கடைசிப் பார் இறங்கியதும்
வண்டித் தட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி
அடுத்த லோடுக்குக் காலியாக நிறுத்தினார்கள்.
இதை அவர்களுக்கு
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மரைக்காயரிடம் சொன்னபோது
அவர் திட்டவில்லை.
மேசை இழுப்பறையிலிருந்து
பழுப்பு உறை ஒன்றை எடுத்தார்,
மேலே பென்சிலில்: யாருதுன்னு தெரியல.
பதினோரு நாளாய்க் கல்லாவில்
தினம் முந்நூற்று அறுபது கூடுதலாம்.
எண்ணினோம்.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
நோட்டில் இன்னும் மீன் வாடை.

இப்போது படிவம்
ஒவ்வொரு முறையும் இறங்குகிறது,
ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பிறக்கிறது,
பெட்டி வெறுமை, வட்டங்கள் வெறுமை.
நூறு தடவை சோதித்துவிட்டேன்.
பூமயிலிடமும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டாள்.
மறுநாள் காலை
கூடையோடு மேசையைச் சுற்றி
என் பக்கம் வந்து நின்றாள்.
எழுத்து தெரியாது, இடம் தெரியும்.
செதில் ஒட்டிய விரலைத் திரையில் வைத்து,
"புள்ளி கீழ வட்டத்துலதான இருக்கு?"

நான் பதில் சொல்லும்வரை
அவளுக்குப் பின்னால்
வரிசை நகரவில்லை.