லாக்டோமீட்டர்

விடிய நாலரைக்கு
டயகம ரோட்டில் என் லொறி ஏறும்.
ஒவ்வொரு கேனிலும் கண்ணாடிக் குச்சியை மிதக்கவிட்டு
டோர்ச் அடித்துக் கோட்டைப் படிப்பேன்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, பால்.
இருபத்து நாலென்றால் பீலித்தண்ணி.
பதினோரு வருசமாய்
ஒரு பொய்யும் தப்பியதில்லை.

என் மகள் பிரவிந்தா பால் குடிப்பதில்லை.

வயது மூன்றே முக்கால்.
பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடந்த ஒரு நாள்
லொறியில் ஏற்றிப் போனேன்.
மன்றாசி வளைவில்
கன்றை முளையில் இழுத்துக் கட்டிவிட்டுக்
கறந்துகொண்டிருந்தார்கள்.
கயிறு நீண்ட மட்டும் அது கழுத்தை நீட்டியது.
வழியெல்லாம் அவள் பேசவில்லை.
ராத்திரி கோப்பையைத் தள்ளினாள்:
"இது குட்டியோடது."

சீனி போட்டோம். அதட்டினோம்.
மூக்கைப் பிடித்து ஊற்றிய அன்று
பாயெல்லாம் பால்.
முட்டையும் வேண்டாமாம்.
நெத்தலி கண்ணைத் திறந்துகொண்டே செத்திருக்கிறதாம்,
அதுவும் வேண்டாமாம்.

கிளினிக்கில் நில்மினி மிஸ் அட்டையில் புள்ளி வைத்தார்.
பச்சையில் நடந்துவந்த கோடு
செம்மஞ்சளை எட்டிப் பார்த்தது.
கணுக்கால் இரண்டையும் சேர்த்து நிறுத்தி
முழங்கால் நடுவே விரல் விட்டுப் பார்த்தார்.
எலும்பு என்றார், சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
ஒரு சொல் இரண்டு தரம் விழுந்தால்
இரண்டு தரம் வலிக்கும்.

லிந்துலை டாக்டர் திட்டவில்லை.
பாலில்லாமலும் பிள்ளை வளரும், கணக்குத்தான் தப்பக்கூடாது என்றார்.
சொட்டு மருந்து எழுதினார்.
நாலு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொன்னார்.
சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதே என்றார்.
தேயிலை மலையில்!
லயம் முழுக்கச் சிரித்தது.

அன்றிலிருந்து விஜயகௌரி கணக்கப்பிள்ளையானாள்.
மடுவத்தில் தன் கொழுந்தில் இரண்டு கிலோ வெட்டுகிறவனை விடக் கறார்.
குரக்கன் மா இத்தனை கரண்டி,
கௌபி இத்தனை பிடி,
எள்ளை வறுத்து அரைத்து ரொட்டிக்குள் ஒளித்துவைத்தது இத்தனை.
அகத்தி எங்கள் குளிருக்குப் பிடிக்காது,
கினிகத்தேனை லொறிக்காரன் கட்டிக்கொண்டு வருவான்,
அரைவாசி வழியிலேயே வாடிவிடும்.
பசளியில் கல்சியம் இருக்கிறதாம்,
இருந்தும் கொடுக்காமல் பொத்திவைத்துக்கொள்ளுமாம்.
"கம்பெனி மாதிரி" என்றாள்.

மிச்சம் வெயில்.
அதைக் கடனுக்கும் கேட்க முடியவில்லை.
ஆடியில் எங்கள் மலையில்
சூரியன் அரைப்பேர் போட்டுக்கொண்டு
பனிக்குள் போய்விடும்.
பனி கொஞ்சம் விலகினாலும் போதும்,
கூடையை மலையிலேயே போட்டுவிட்டு ஓடிவருவாள்,
சட்டையைக் கழற்றிப் பிள்ளையைப் பீலிக்கரையில் நிறுத்துவாள்.
கங்காணி கத்துவான்.
பிள்ளை கையிரண்டையும் விரித்துக்கொண்டு
உலரப்போட்ட துணி மாதிரி நிற்கும்.

ராத்திரியில்
தூங்குகிறவளின் முழங்காலுக்குக் கீழே
கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவேன்.
ஒரு வளைவு இருக்கிறது, அல்லது
இருக்கிறதென்று என் விரல் நினைக்கிறது.
இதில் மிதக்கவிட என்னிடம் குச்சியில்லை.
அடுத்த கிளினிக் பதினேழாம் திகதி.

தினம் சாயங்காலம்
லொறிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வருவாள்.
"குட்டி குடிச்சிருச்சா?"
"குடிச்சிருச்சு."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள்,
எந்தக் கோட்டில் நிற்கிறதென்று.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
ரொட்டியைக் கடிக்கிறாள்.
எள்ளு பல்லில் நெரிபடுவது
எனக்குக் கேட்கிறது.